லாபிர் போட்ட கூரை

அத்தியாயம் பதினொன்று

சுவாமி விளக்குக்குத் திரி போட்ட இராசமணி, அதை ஏற்றாமல் தயங்கினார். சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு இறைவன் முன்னால் நிற்பது அவருக்குப் பழக்கமில்லை.

கொழும்பிலிருந்து மகள் கமலாசனி போன வாரம் தொலைபேசியில் பேசியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குண்டசாலையில் உள்ள அவர்களுடைய பழைய வீட்டின் முன்பகுதியில் இராசமணி டீச்சர் ஒரு பாலர் பள்ளி நடத்துகிறார். அதைத் திருத்திக் கட்டித்தர வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று முன்வந்திருந்தது. ஒரே நிபந்தனை, எதையும் உடைப்பதற்கு முன்னர் கூரையிலும் சீலிங்கிலும் அஸ்பெஸ்டஸ் உண்டா என்று சோதிக்கவேண்டும். அப்படிச் சோதிக்கின்ற நிறுவனத்தில்தான் கமலாசனிக்கு வேலை.

"அம்மா, அது அஸ்பெஸ்டஸ்தான். எனக்குப் பாக்காமலே தெரியும். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனால் எத்தினையோ வருசம் கழிச்சுத்தான் நோய் வருத்தம் காட்டும். பிள்ளையள் இல்லாத நாளாப் பாத்து, பௌர்ணமி லீவு, போயா அண்டைக்கு வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் ஒண்டையும் தொடக்கூடாது. லாபிர் மாமாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொன்னால் கந்தோரிலயிருந்து அதிகாரி வந்து சொன்ன மாதிரி இருக்கும்."

லாபிர் பக்கத்து வளவுக்காரர். கண்டி நகரில் கட்டடச் சாமான் கடை வைத்திருப்பவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில் இந்த வீடு எரிந்தபோது, இராசமணியையும் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் தமது கடையின் பின்னறையில் ஒளித்து வைத்தார். அகதி முகாமிலிருந்து அவர்கள் திரும்பி வந்தபோது நான்கு சுவர்தான் நின்றது. சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கே போய்விடலாம் என்று இராசமணியின் கணவர் நவரட்ணராஜா முடிவு செய்த அன்றுதான், கூரைக்கும் சீலிங்குக்கும் ஒரு லொறி நிறைய அஸ்பெஸ்டஸ் தகடுகளோடு லாபிர் வந்து இறங்கினார். ஆள் பிடிக்காமல் தாமே இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கைவாளால் தகடுகளை அறுத்தார். தலை முதல் கால் வரை மாக்குழைத்தவர் போல வெள்ளையாக நின்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைக்கும்போது, "தம்பி, நீங்கள் தந்த கூரை நஞ்சாம்" என்று எப்படிச் சொல்வது?

ஆகவே இராசமணி பாதியை மட்டும் சொன்னார். "கொழும்பிலயிருந்து கமலியும் ஆக்களும் வருகினம், தம்பி. கூரை, சீலிங் எல்லாம் சரியோ எண்டு சோதிச்சுப் பாக்கப் போகினமாம்." ஏன் என்பதைச் சொல்லவில்லை. மகன் பாலேந்திரனிடமும் அவ்வளவுதான் சொன்னார். ஒருவரும் தொடக்கூடாது என்றதை அவர் சொல்லவே இல்லை. அண்ணாந்து பார்க்கவே ஆளில்லாத சீலிங்கை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தார்.

"பிள்ளையாரே, நல்ல வார்த்தை ஒண்டு தா" என்று வேண்டிக்கொள்ளக் கட்டுக்கலைக் கோயிலுக்கு முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டுவிட்டார்.

*

இராசமணியின் தலை மறைந்ததும் லாபிர் வேலி வழியாக வந்தார். ஒரு கையில் ஏணி, மறு கையில் வாளி. தோளில் துவாய்.

"பாலா, இன்னிக்கு இன்ஸ்பெக்சன் தானே? இந்த சீலிங்க பாத்தியா? ஒட்டறையும் பாசியும். இத பாத்தா வாறவங்க என்ன நெனப்பாங்க?"

பாலேந்திரன் அண்ணாந்து பார்த்தான். உண்மைதான். மழை ஒழுகிய இடமெல்லாம் கறுத்து, பழைய சுண்ணாம்பு செதில் செதிலாகத் தொங்கியது. பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்றால் முதல்நாளே சுவருக்கு வெள்ளையடித்து, முற்றத்துக்குச் சாணி தெளித்து நிற்கின்ற ஆசிரியையின் மகன் அவன். சோதனை என்றால் அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சித்தியடைய வேண்டும்.

"கமலிதானே மாமா வாறாள். அவள் பாஸ் போடமாட்டாளே?"

"ஒங்கட தங்கச்சி வாத்தியார்ட மகள். தாய்க்கே முட்டை போடுவா!"

இருவரும் சிரித்தார்கள்.

லாபிர் ஏணியில் ஏறினார். கம்பி பிரஷ்ஷால் சீலிங்கைச் சுரண்டத் தொடங்கினார். கறுப்பும் வெள்ளையுமாகத் தூசி கொட்டியது. கீழே பாலேந்திரன் தும்புத்தடியால் கூட்டிக் கூட்டி ஒதுக்கினான். சிறுவர்களின் குட்டிக் கதிரைகள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய மாப் படிந்தது.

"கடையில மூணு பிரஷ் இருந்திச்சு. ஒண்ட இங்க கொண்டாந்தேன். மத்த ரெண்டையும் காலைலயே கெலிஓயாவுக்கு அனுப்பிட்டேன். நோன்பு வருதே, மத்ரஸாவ சுத்தம் பண்றாங்க. அந்தக் கட்டடத்துக்கும் இதே லொறில வந்த சீலிங் சீட்தான் பாலா. மிஞ்சினத அங்க குடுத்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினார்.

"இறங்குங்கோ மாமா. நான் ஏறுறன்."

"போ போ. பேங்க்ல கதிரைல ஒக்காந்திருக்கிற கைக்கு இது சரிவராது. ஒனக்கு பெயின்ட் அடிக்கிற வேல இரிக்கிது."

பெயின்ட் வாளியும் வந்திருந்தது. போயா என்று கடை பூட்டியிருந்தும், இதற்காகவே திறந்து எடுத்து வந்திருக்கிறார். மனம் நிறைந்துபோன பாலேந்திரன், அம்மா வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று எண்ணியபடி வாளியின் மூடியை நெம்பினான்.

*

கமலாசனி நிறுவனத்தின் வான் வண்டியிலிருந்து இறங்கியபோது வகுப்பறையின் யன்னல் வழியாக வெயில் உள்ளே விழுந்திருந்தது. அந்த வெயிலுக்குள் தூசி மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஏழு வயதாகிவிட்டது. லாபிர் மாமா அறுத்துப் போட்ட தகட்டின் தூளைச் சிரட்டையில் அள்ளி, "மா வாங்கலையோ மா" என்று கடை வைத்து விளையாடியது நினைவுக்கு வந்தது. மறுகணம் அவள் அலறினாள்.

"அண்ணா! நிப்பாட்டுங்கோ! ரெண்டு பேரும் வெளியில வாங்கோ!"

"என்னடி, இன்னும் முடியேல்ல. அரை மணித்தியாலம் பொறு. பெயின்ட் அடிச்சு முடிஞ்சா பளிச்செண்டு..." என்றபடி பாலேந்திரன் தும்புத்தடியைத் திரும்ப எடுத்தான்.

"கூட்டாதேங்கோ! அந்தத் தும்புத்தடியைக் கீழ போடுங்கோ!"

பெட்டியிலிருந்து முகமூடிகளை எடுத்து இருவருக்கும் நீட்டினாள். லாபிர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது என்னத்துக்கு மகள்? எனக்குத் தடிமன் சளி ஒண்டும் இல்லியே."

கமலாசனி அவரைப் பார்த்தாள். தலைமயிரில் வெள்ளை. இமையில் வெள்ளை. சட்டையின் மடிப்பெல்லாம் வெள்ளை. அம்மா சொல்லவில்லை என்பது அந்த நிமிடமே அவளுக்கு விளங்கிவிட்டது.

சொல்லிவிடலாமா? "தூசி உடம்புக்குக் கூடாது மாமா" என்று மட்டும் சொன்னாள். "கிணத்தடியில நல்லா முழுகுங்கோ. சட்டை சாரத்தை நனைச்சுக் கழட்டி இந்தப் பைக்குள்ள போடுங்கோ. அதோட வீட்ட போகவேண்டாம். பேரப்பிள்ளையள் வந்து கட்டிப்பிடிக்குங்கள்."

"தூசிக்கு இவ்வளவா?" என்றார் லாபிர். ஆனாலும் கேள்வி கேட்கவில்லை. கொழும்பில் படித்த பிள்ளை, ஏதோ காரணம் இருக்கும் என்று கிணற்றடிக்குப் போனார்.

பாலேந்திரன் விடவில்லை. "இப்ப எனக்குச் சொல்லு. இந்தச் சீலிங்கில ஏதும் பிழையோ?"

"அஸ்பெஸ்டஸ் அண்ணா. சும்மா இருந்தா பெரிசா ஒண்டும் செய்யாது. உடைச்சா, சுரண்டினா, அறுத்தாத்தான் ஆபத்து."

"சும்மா இருந்தா ஒண்டும் செய்யாதெண்டால் நீ ஏன் அதைத் தொட வந்தனி?"

"கட்ட வாற ஆக்கள் தெரியாம உடைச்சுப் போடுவினம் எண்டுதான்."

"கண்டி முழுக்க இதுதானே கூரை. கடையில இப்பவும் விக்கினம். அப்ப ஊர் முழுக்க நஞ்சோ? அரசாங்கத்துக்குத் தெரியாததோ?"

"எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுறன்."

"நான் இப்ப சாகப்போறனோ இல்லையோ? அதைச் சொல்லு."

"ஒரு நாள் தூசிக்கு அப்பிடி வராது எண்டுதான் நினைக்கிறன். வரவே வராதெண்டு சத்தியம் பண்ண ஏலாது. போய்க் குளியுங்கோ அண்ணா."

அவன் பெயின்ட் வாளியின் மூடியைத் திரும்பப் பூட்டினான். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தான்.

*

கோயிலிலிருந்து காகிதச் சரையில் திருநீற்றுடன் திரும்பிய இராசமணிக்கு முதலில் எதுவும் புரியவில்லை. முற்றத்தில் வான். வகுப்பறைக் கதவில் சிவப்பு நாடா. அதன் முன்னால் தலை ஈரத்தோடு, இறந்துபோன தமது கணவரின் நீலக்கோடு போட்ட சட்டையை அணிந்தபடி லாபிர் நின்றார்.

"பாலா தந்தான் டீச்சர். ஐயாட சட்டை. என்ட வயித்துக்கு பொத்தான் பூட்டுதில்ல" என்று சிரித்தார்.

சமையலறையில் கமலாசனி காத்திருந்தாள்.

"ஏனம்மா சொல்லேல்ல?"

இராசமணி சரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த மனுசன் நோகப்படாதெண்டு நினைச்சன் பிள்ளை. அதுக்குத்தானே கோயிலுக்குப் போனனான். வந்து சொல்லுவம் எண்டு..."

"நீங்கள் சொல்லாதபடியாத்தான் அவர் சுரண்டினவர். எங்களுக்கு வெக்கமாப் போயிடுமெண்டு சுரண்டினவர்."

இராசமணி அப்படியே பலகைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தாம் ஒருவரை நோகாமல் காக்க நினைத்ததுதான் அவரைத் தூசிக்குள் ஏற்றிவிட்டது என்பதை அவரது மனம் மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டது. அன்பு செய்கிறவர்களுக்கும் இந்தத் தவறு வரும். இனிப்பான பாதியைக் கொடுத்துவிட்டு, கசப்பான பாதியை மடியில் கட்டி வைத்துக்கொள்வோம். கசப்பு மடியிலேயே கிடக்கும் என்று நம்பிவிடுவோம்.

"அவர் முந்தியும் எத்தினை வருசம் கடையில தகடு அறுத்தவர் அம்மா. அந்த இருமல் எனக்குப் பயமா இருக்கு. டொக்டரிட்டக் காட்டவேணும். சொல்லாமல் எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?"

"பின்னேரம் சொல்லுறன்" என்றார் இராசமணி. "நானே சொல்லுறன்."

கமலாசனி தலையசைத்தாள். பிறகு வேலையில் இறங்கினாள். முகமூடி அணிந்து, சீலிங்கின் ஓரத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு சிறு துண்டைக் கிள்ளி எடுத்தாள். உடைந்த இடத்தை ஒட்டி மூடினாள். கூரைத் தகட்டிலும் அப்படியே ஒரு துண்டு. ஒவ்வொன்றையும் பைக்குள் பை போட்டு, மேலே சிவப்பு எச்சரிக்கை ஒட்டினாள். தரையில் கிடந்த தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். கடைசியாக, நனைந்த சட்டையும் சாரமும் இருந்த பையைக் கட்டி, அதிலும் ஒரு சிவப்பு எச்சரிக்கை ஒட்டினாள்.

புறப்படும்போது லாபிர் வானின் கதவைப் பிடித்தார்.

"நானும் பேராதனை வரைக்கும் வாறேன் மகள். அங்க செக்பொயின்ட்ல இந்த யுத்த நாள்ல ரொம்ப கரச்சல். ஒங்கட ஐடென்டியில பொறந்த ஊர் யாழ்ப்பாணம்னு இரிக்கிது. இந்த மூட்டையெல்லாம் பாத்தா கேப்பாங்க. நான் பேசுறேன்."

வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஏழு வயதில் அவளைத் துவாயில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்கள் பொல்லுகளோடு நின்ற தெருவைத் தாண்டிய மனிதர் அவர். "என்ட மகள், காய்ச்சல்" என்று அன்று சொன்ன அதே குரல்தான் இது.

*

பேராதனையில் வாகனங்கள் வரிசையாக நின்றன. மழைத் தூறலில் இளம் இராணுவ வீரன் ஒருவன் வானுக்குள் எட்டிப் பார்த்தான். கமலாசனியின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பையில் என்ன?"

சாரதி பண்டார சிங்களத்தில் ஏதோ தொடங்கினான். "நீ இல்லை. அந்தப் பெண் சொல்லட்டும்" என்றான் வீரன். சிவப்பு எச்சரிக்கை ஒட்டிய பைகள் அவன் கண்ணில் பட்டுவிட்டன. சாம்பல் நிறத் துண்டும் தூளும், கட்டிய பைக்குள் கட்டிய பை. அவனுடைய கை தோளில் தொங்கிய துப்பாக்கியின் வாரைப் பிடித்தது.

"கட்டட வேலை மல்லி" என்று, சிங்களத்தில் தம்பி என அழைத்து, லாபிர் முந்திக்கொண்டார். "எங்கட பிள்ளைதான். ஸ்கூல் கட்டடம்."

"அப்படியென்றால் இது என்ன?" வீரன் பெரிய பையைத் தூக்கினான். உள்ளே நீருடன் கசங்கிய துணி. "சட்டையை யாராவது இப்படிக் கட்டுவார்களா? யாருடைய சட்டை?"

"என்ட சட்டை" என்றார் லாபிர். "கழுவித் தாறேன்னு எடுத்தாங்க." சொல்லிவிட்டு, தாமே அந்தச் சிவப்பு எச்சரிக்கையை முதன்முறையாகப் பார்த்தார்.

வீரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

"அவிழ்க்காதீர்கள்!" கமலாசனி சிங்களத்தில் கத்திவிட்டாள். வீரன் பின்வாங்கினான். இனி மறைக்க இடமில்லை. நிதானமாகப் பேசினாள். "குண்டு இல்லை. இது அஸ்பெஸ்டஸ் தூசி. கூரைத் தகட்டிலிருந்து வருவது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். பல வருடங்களுக்குப் பிறகு கொடிய நோய் வரலாம். அந்தச் சட்டை முழுக்க அதுதான். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் தம்பி, திறக்கவேண்டாம்."

லாபிருக்குச் சிங்களம் தாய்மொழி போல.

வீரன் பையை மெல்ல இருக்கையில் வைத்தான். கையை மழையில் நீட்டிக் கழுவிக்கொண்டான். "எங்கள் அம்மாவின் வீட்டுக் கூரையும் அதுதான்" என்றான், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவன் போல. அப்போது லாபிர் இருமினார். வீரன் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினான். அவர் குடித்து முடிக்கும்வரை பின்னால் ஒலித்த வாகனங்களைக் கையால் அடக்கி நிறுத்திவிட்டு, போகலாம் என்று தலையசைத்தான்.

லாபிரை இறக்கிவிட வான் சிறிது தூரம் போய் ஓரமாக நின்றது. லாபிர் நவரட்ணராஜாவின் சட்டைக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப, நான் ஒங்களுக்கு நஞ்சையா போட்டுத் தந்தேன்?"

"இல்லை மாமா. நீங்கள் எங்களுக்குக் கூரை போட்டுத் தந்தனீங்கள். அது இப்பிடியெண்டு அப்ப உங்களுக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது."

"டீச்சருக்கு தெரியுமா?"

"ஓம். போன கிழமை சொன்னனான்."

அவர் கண்ணாடி வழியே மழையைப் பார்த்தார். "எனக்கு நோவும்னு மறச்சிருக்காங்க. பாவம்." பிறகு திரும்பினார். "மகள், எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லவேணாம். அவங்க சொல்லும்போது நான் புதுசா கேக்கிற மாதிரி கேட்டுக்கிறேன். அவங்களுக்கு மனசு லேசாகும்."

கமலாசனிக்குக் கண் நிறைந்தது. சிரிப்பும் வந்தது. "வேண்டாம் மாமா. இண்டைக்குக் காலமை இப்பிடித்தான் தொடங்கினது."

அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. அம்மா.

"பிள்ளை, பின்னேரம்வரைக்கும் என்னால இருக்க ஏலாது. லாபிர் தம்பி பக்கத்தில நிக்கிறாரோ? குடு. நான் இப்பவே சொல்லவேணும்."

லாபிர் தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தார். "சொல்லுங்க டீச்சர்." இராசமணி தொடங்கியதுமே குறுக்கிட்டார். "எனக்கு தெரியும் டீச்சர். இந்தா, இப்பதான் தெரியும். இல்ல, பரவாயில்ல, நீங்களும் சொல்லுங்க. ஒங்கட வாயால கேக்கிறேன்."

அந்தப் பக்கம் இராசமணி அழுதுகொண்டே பேசுவது கேட்டது. லாபிர் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். "சுரண்டக்கூடாதாமே டீச்சர், எனக்குத் தெரியாதே" என்றவர், திடீரென்று நிறுத்தினார்.

"யா அல்லாஹ். பிரஷ்!"

"என்ன மாமா?"

"கெலிஓயா மத்ரஸா! ரெண்டு பிரஷ் அனுப்பினேன் மகள். அதே சீலிங் சீட். புள்ளைங்கள வெச்சு சுத்தம் பண்றதா மௌலவி சொன்னாரு!"

அவர் இணைப்பைத் துண்டித்து, மத்ரஸாவின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது. எவரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை.

"பண்டார, கம்பளை ரோட்டுக்குத் திருப்புங்கோ" என்றாள் கமலாசனி. கொழும்பில் ஆய்வுகூடம் காத்திருந்தது. அது நாளைக்கும் இருக்கும்.

வழியெல்லாம் கூரைகள். இதுவரை அவற்றைக் கூரையென்று மட்டுமே பார்த்து வந்த லாபிர், ஒவ்வொன்றையும் இப்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். எது தாம் விற்றது, எது வேறு யாரோ விற்றது என்று அவருக்கே குழம்பியது. உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. கமலாசனியும் தனக்குத் தெரிந்த தேவாரத்தை மனத்துக்குள் தொடங்கி, நடு வரி மறந்து, மறுபடியும் தொடங்கினாள்.

கெலிஓயாக் கடைத்தெரு தாண்டி வான் திரும்பியது. மத்ரஸாவின் கதவு அகலத் திறந்து கிடந்தது. வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் வரிசையாக இருந்தன. சுவரில் ஓர் ஏணி சாத்தியிருந்தது.

ஏணியில் ஆள் இல்லை.

வேலை முடிந்துவிட்டதா, இன்னும் தொடங்கவில்லையா என்று வானுக்குள் இருந்த எவருக்கும் தெரியவில்லை. லாபிர் கதவைத் திறந்துகொண்டு, பொத்தான் பூட்டாத அந்த நீலக்கோட்டுச் சட்டையோடு மழைக்குள் ஓடினார்.